வௌவால்களைப் பிரித்தறிவது எப்படி? அடையும் இடம், குரல், உடலமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வௌவால் பற்றி எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருகின்றன. இருட்டில், கைப்பேசியில், அவசரமாக எடுத்த மங்கலான படம். கீழே ஒரு வரி: "இது என்ன வௌவால்?" பதிலுக்கு நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எங்கே தொங்கிக்கொண்டிருந்தது?" கேட்டவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வௌவால்களைப் பிரிக்க, முகத்தைவிட அது பகலில் தூங்கும் இடம் பல நேரங்களில் அதிகம் உதவும். இடம், உடல், குரல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பியவர்கள், பெரிய அறிஞர்கள் உட்பட, தவறியிருக்கிறார்கள். அந்தக் கதையும் கீழே வருகிறது.

இந்தியாவில் நூற்று இருபதுக்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. இங்கே எழுதியிருப்பது தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் நாம் பார்க்கக்கூடிய சிலவற்றைப் பற்றி மட்டும்.

எங்கள் வீட்டு முகப்பில் தினமும் காலையில் வாதாங்கொட்டைகள் கிடக்கின்றன, சுவரெல்லாம் கறை. பகலில் ஒரு வௌவாலும் இல்லை. எது வந்து போகிறது?

பெரும்பாலும் குறுமூக்குப் பழ வௌவால். நம் ஊர்களில் வீட்டுக்கு மிக அருகில் வாழும் பழந்தின்னி இதுதான். பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. பறித்துக் கவ்விக்கொண்டு, பாதுகாப்பான வேறோர் இடத்துக்குப் போய்த் தொங்கியபடி தின்னும். உங்கள் முகப்பு அதற்குச் சாப்பாட்டுக் கூடம், படுக்கையறை வேறெங்கோ இருக்கிறது. இரவில் வந்துபோகும் இடமும் பகலில் அடையும் இடமும் வேறு வேறு என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் வராது.

கீழே கிடப்பதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சாறு உறிஞ்சிவிட்டுத் துப்பிய நார் உருண்டைகள் இருக்கும், தட்டையாக, பல்லின் தடத்தோடு. கொய்யா விதை, சப்போட்டாத் தோல், மெல்லப்பட்ட இலைச் சக்கைகூட இருக்கலாம். பழ வௌவாலின் எச்சம் நீராகத் தெறித்து விழும். பூச்சி தின்னும் வௌவாலின் புழுக்கை அரிசி போன்ற கறுப்பு மணி. எலிப் புழுக்கை போலவே இருக்கும். ஆனால் காய்ந்ததை ஒரு குச்சியால் நசுக்கினால் பொடியாகிவிடும், பொடிக்குள் பூச்சி ஓடுகள் மினுங்கும். எலிப் புழுக்கை அப்படிப் பொடியாகாது.

ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்குகிறதே, அதன் குட்டிதானா இது?

இல்லை, வேறு இனம். ஆலமரத்திலும் புளியிலும் மருதிலும் பட்டப்பகலில் திறந்த வெளியில் தொங்குவது பெரும்பழ வௌவால். இறக்கையை விரித்தால் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை போகும், எடை ஒன்றரைக் கிலோவையும் தாண்டலாம். குறுமூக்கு வௌவால் ஒரு கைப்பிடி அளவு, எடை 50 கிராமை ஒட்டி.

அளவு தெரியாத தூரத்திலிருந்தும் பிரிக்கலாம். பெரும்பழ வௌவால் ஒளிந்துகொள்ளாது. நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் தொங்கும், நாள் முழுக்கச் சண்டையும் கூச்சலுமாக இருக்கும், வெயில் ஏறினால் இறக்கையை விசிறிபோல் ஆட்டும். இந்தக் கூச்சலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், தெருமுனையிலேயே கேட்கும். குறுமூக்கு வௌவால் பகலில் இலைக்கடியில் சத்தமில்லாமல் இருக்கும். நீங்கள் அதன் அடியில் நின்று பேருந்துக்குக் காத்திருந்தாலும் தெரியாது.

இந்தப் பெரிய வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மரத்தைச் சாமி மரமாக வைத்து, அதில் தொங்கும் வௌவாலையும் காத்துவரும் ஊர்கள் அவை. இடம் மாறாமல் தலைமுறை தலைமுறையாக ஒரே மரத்தில் அடைவது இந்த இனத்தின் இயல்பு. அதை அந்த ஊர்க்காரர்கள் நம் எல்லாரையும்விட முன்பே புரிந்துகொண்டார்கள்.

குறுமூக்கு வௌவாலும் கிணற்றில் இருக்கும் பழ வௌவாலும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

அடிக்கடி வரும் குழப்பம் இதுதான், நியாயமானதும்கூட. இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் நாய்முகம், பெரிய கண், அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. கிணற்றில் இருப்பதை ரூசெட் என்ற வகையில் சேர்க்கிறார்கள். நான் இங்கே குகைப் பழ வௌவால் என்றே சொல்கிறேன்.

முதலில் காதைப் பாருங்கள். குறுமூக்கு வௌவாலின் காது விளிம்பில் வெள்ளைக் கரை கட்டினாற்போல் ஒரு கோடு ஓடும். டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். குகை வௌவாலுக்கு அந்தக் கரை கிடையாது, காது முழுக்க ஒரே மங்கல் நிறம். அடுத்தது இறக்கை. குறுமூக்கு வௌவாலின் இறக்கைச் சவ்வு கருமை, அதற்குள் விரலெலும்புகள் மட்டும் வெளுப்பாக, குடைக் கம்பிபோல் தெரியும். மூக்கைப் பார்த்தால், குறுமூக்குக்கு முகம் குட்டை, மூக்குத் துளைகள் இரண்டும் சின்னக் குழாய்கள்போல் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கும். குகை வௌவாலின் முகம் சற்று நீளம், உடம்பும் கொஞ்சம் கனம். முன்கை நீளத்தை அளந்தால் குகை வௌவாலுக்குப் பெரும்பாலும் 75 மில்லிமீட்டருக்கு மேல், குறுமூக்குக்குப் பெரும்பாலும் அதற்குக் கீழ். ஆனால் இரண்டின் எல்லைகளும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதனால் அளவு மட்டும் போதாது.

இனி இடம். குறுமூக்கு வௌவால் இலையிலும் ஓலையிலும் அடையும், சிறு குழுவாக. குகை வௌவால் இருட்டில் அடையும்: குகை, பாழடைந்த கிணறு, கோயில் சுரங்கம், பழைய கோட்டை. நூறு, ஆயிரம் என்று ஒட்டிக்கொண்டு தொங்கும். பாசனம் நின்றுபோன ஆழமான கல்கட்டுக் கிணறு ஒன்றை மாலையில் எட்டிப் பார்த்திருக்கிறேன். முதலில் வந்தது வாடை, பழம் புளித்த வாடை. அடுத்துக் கீழேயிருந்து ஒரு சத்தம், ஈரமான நாக்கை மேலண்ணத்தில் சொடுக்குவது போல, டிக்-டிக், டிக்-டிக் என்று இரண்டிரண்டாக. சத்தம் வந்த பிறகுதான் வௌவால் வந்தது, கிணற்றுச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறி.

அந்த 'டிக்-டிக்' தான் கடைசிச் சான்று. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பழ வௌவால்களுக்கு எதிரொலி தேவையில்லை, கண்தான் வழிகாட்டி என்று படித்தேனே?

கண்தான் வழிகாட்டி, உண்மைதான். பெரும்பழ வௌவால் எதிரொலியைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ரூசெட் வகை விதிவிலக்கு. முழு இருட்டில் கண் உதவாது. அதனால் அவை நாக்கைச் சொடுக்கி, திரும்பி வரும் ஒலியைக் கேட்டுச் சுவர் எங்கே இருக்கிறது என்று அறிகின்றன. பூச்சி தின்னும் வௌவால்கள் இதையே தொண்டையிலிருந்து எழும் குரலால் செய்கின்றன. குகையில் அடையும் பழக்கமும் நாக்குச் சொடுக்கும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஓலைக்கடியில் அடைகிறவனுக்கு அந்தத் திறமைக்கு வேலையே இல்லை.

குறுமூக்கு வௌவாலின் நெருங்கிய உறவான சிறு குறுமூக்கு வௌவால் உட்பட மூன்று பழ வௌவால்கள் இறக்கையால் ஒருவகைச் சொடுக்கொலி எழுப்புவதாக 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது நாக்குச் சொடுக்கைப்போல் துல்லியமானதல்ல. இருட்டில் தடித்த கம்பியைக்கூட அவற்றால் தவிர்க்க முடியவில்லை.

ஓலையைக் கடித்துக் கூடாரம் கட்டும் வௌவால் உண்டாமே, உண்மையா?

உண்மை. அதுவும் நம் தெருவிலேயே. குறுமூக்கு வௌவாலின் ஆண்தான் கட்டுகிறது. கூந்தற்பனையில் சடைசடையாகத் தொங்கும் காய்க்கொத்தின் நடுச்சரங்களைக் கடித்துக் கடித்து உதிர்த்து, உள்ளே மணிபோல் ஒரு குடைவை உண்டாக்கும். நெட்டிலிங்க மரத்தில், தொங்கும் இலைகளுக்கு நடுவே சிறு காம்புகளை வெட்டி இடம் பண்ணும். சுவரில் திரைபோலத் தொங்கவிட்டு வளர்க்கிறோமே அந்தக் கொடிக்குள்ளும் இதே வேலைதான். பாளையங்கோட்டையில் இதை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கூடாரம் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

முடிந்த பிறகு பெண்கள் வந்து சேர்கின்றன, இரண்டு மூன்று முதல் பத்துக்கு மேலும். ஆண் ஒன்றே ஒன்று, கூடாரத்தைவிட்டு அதிகம் விலகாமல் காவலிருக்கும். கூடாரம் கிடைக்காத ஆண்கள் தனியாகவோ சிறு குழுவாகவோ பக்கத்து இலைகளில் அடையும். அதனால் ஓர் இலைக்கடியில் ஒற்றை வௌவால் தொங்கினால் அது வேறு இனம் என்று அவசரப்பட வேண்டாம்.

நெட்டிலிங்க வரிசை இருக்கும் பள்ளி வளாகத்தில் நண்பகலில் மரத்தடியில் நின்று நேர் மேலே பாருங்கள். பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அடியிலிருந்து மட்டும் ஒரு கறுத்த பொந்தும், அதற்குள் பழுப்பு உருண்டைகளும், ஒவ்வோர் உருண்டையிலும் வெள்ளைக் கரையிட்ட இரண்டு காதுகளும் தெரியும். அந்தக் காதுகள் உங்கள் பக்கம் திரும்பும். அப்போது நகர்ந்துவிடுங்கள். பகலில் கலைத்தால் காக்கைக்கு இரையாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இதேபோல் ஒரு வௌவாலைப் பார்த்தேன். அதுவும் குறுமூக்குதானா?

மூன்று சாத்தியங்கள். சமவெளியில் இருக்கும் அதே இனம் மலையிலும் இருக்கலாம். அல்லது சிறு குறுமூக்கு வௌவால். அதற்கும் வெள்ளைக் காதுக்கரை உண்டு, ஆனால் காதும் உடலும் சிறியவை, ஈரமான மலைக்காட்டையே விரும்பும். இந்த இரண்டையும் படத்தை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல நான் துணிவதில்லை. முன்கையையும் காதையும் அளக்காமல் முடியாது.

மூன்றாவதுதான் நான் முன்னே சொன்ன கதை. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழ வௌவாலைப் பிடித்துப் பாடம்செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். அங்கே அது குறுமூக்குப் பழ வௌவால் என்ற சீட்டோடு பெட்டிக்குள் போயிற்று. 24 ஆண்டு அப்படியே கிடந்தது. 1972-இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது குறுமூக்கு அல்ல, புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று அறிவித்தார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது: சலீம் அலி பழ வௌவால்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாததல்ல. குறுமூக்குக்குச் சின்ன வால் உண்டு, இதற்கு வாலே இல்லை. குறுமூக்குக்குக் காதில் வெள்ளைக் கரை, இதற்கு இல்லை. பற்களின் எண்ணிக்கையும் வேறு. இருந்தும் 24 ஆண்டு ஒருவரும் மறுபடி பார்க்கவில்லை. 'இது சாதாரண வௌவால்தானே' என்ற எண்ணம் ஓர் இனத்தையே எப்படி மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். உயிரோடு அதை மறுபடி பார்த்தது 1993-இல். அது அடைவதும் இலையில் அல்ல, மலைக்காட்டுக் குகைகளில். மேகமலை, களக்காடு–முண்டந்துறைப் பக்கம் காது வெள்ளையில்லாத, வாலில்லாத பழ வௌவாலைப் பார்த்தால் தொந்தரவு செய்யாமல் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

முகத்திலிருந்தும் வாலிலிருந்தும். மூக்கின்மேல் இலைபோல் சதை மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லாடமூக்கு, இலைமூக்கு, போலி இரத்தக்காட்டேரி என்ற மூன்று குடும்பங்களில் ஒன்று. வெறும் முகமாக இருந்தால் வாலுக்குப் போங்கள். எலிவால்போல் மெல்லிய நீண்ட வால், கால்களுக்கு இடையிலுள்ள சவ்வைவிட்டு வெளியே தொங்கினால் எலிவால் வௌவால். வால் சவ்வின் மேற்புறத்தைத் துளைத்துக்கொண்டு நடுவில் எட்டிப் பார்த்தால் கல்லறை வௌவால். வால் முழுவதும் சவ்வுக்குள்ளேயே அடங்கியிருந்தால் மாலை வௌவால் குடும்பம், வீட்டில் நுழையும் சின்ன வௌவால்களெல்லாம் இதில்தான் வரும்.

எலிவால் வௌவாலிலேயே இரண்டு இனங்களைப் பிரிக்க எளிய வழி உண்டு. வால் முன்கையைவிட நீளமாக இருந்தால் சிறிய எலிவால், முன்கையைவிடக் குட்டையாக இருந்தால் பெரிய எலிவால். பெயருக்கு நேர்மாறு, அதனாலேயே மறக்காது.

பழைய மண்டபத்தில் பல வகை ஒன்றாக இருக்கின்றன. கிட்டே போகாமல் பிரிக்க முடியுமா?

முடியும், தொங்கும் தோரணையே பாதி சொல்லிவிடும்.

வாசலுக்கு அருகே, கொஞ்சம் வெளிச்சம் விழும் செங்குத்துச் சுவரில், வயிற்றைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு இருப்பவை கல்லறை வௌவால்கள். அவை தொங்குவதில்லை, பற்றிக்கொண்டிருக்கும். நெருங்கினால் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து இடுக்குக்குள் போகும். உள்ளே, கூரையிலிருந்து காலால் மட்டும் தொங்கி, இறக்கையைப் போர்வையாக உடம்பைச் சுற்றிப் போர்த்தியிருந்தால் லாடமூக்கு வௌவால், பார்க்க ஒரு காய்ந்த காய் தொங்குவது போலிருக்கும். இலைமூக்கு வௌவாலும் அப்படியே தொங்கும், ஆனால் இறக்கையைப் பக்கவாட்டில் மடித்து வைத்துக்கொள்ளும், முகமும் வயிறும் தெரியும். அதிலும் ஸ்னைடர் இலைமூக்கு வௌவால் ஒன்றையொன்று தொடாது. ஓர் ஒழுங்கான இடைவெளி விட்டு, யாரோ அளந்து மாட்டியது போல் தொங்கும். குகைப் பழ வௌவால் நேர் எதிர், ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளும்.

இந்த ஸ்னைடர் இலைமூக்கு வௌவால்தான் மதுரையை வௌவால் ஆய்வு உலகில் பெயர் சொல்ல வைத்தது. வெளிச்சமே வராத குகைக்குள் பூட்டி வைத்த வௌவாலுக்குக்கூட, கூட இருக்கும் மற்றவை மாலையில் வெளியேறிக் காலையில் திரும்பும் நடமாட்டமே கடிகாரமாகிறது என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன், மாரிமுத்து ஆகியோர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள். ஓர் அடைவிடம் வெறும் கூரை அல்ல என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

காது பெரிதாக, முகம் பயங்கரமாக இருக்கும் வௌவால் இரத்தம் குடிக்குமா?

குடிக்காது. இரத்தம் குடிக்கும் மூன்று இனங்களும் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உள்ளன. நீங்கள் பார்த்தது போலி இரத்தக்காட்டேரி. பெயர்தான் அதற்குக் கேடு. அது தவளை, பல்லி, சுண்டெலி, பெரிய வெட்டுக்கிளி ஆகியவற்றைப் பிடிக்கும். அடையும் இடத்துக்குக் கீழே தவளைக் கால்களும் வெட்டுக்கிளி இறக்கைகளும் கிடந்தால் வேறு சான்றே வேண்டாம். இரையின் சரசரப்பைக் கேட்டே பிடிக்கும், அதற்குத்தான் அவ்வளவு பெரிய காது. தன் எதிரொலிக் குரலை மிக மெல்லமாகக் கிசுகிசுக்கும். அதனால் வௌவாலின் குரலை நமக்குக் கேட்கவைக்கும் ஒலிக்கருவியில் இதைப் பிடிப்பது கடினம், பக்கத்தில் பறந்தாலும் தப்பிவிடும்.

நம்மிடம் இரண்டு இனம். பெரியதின் மூக்கிலை நீளமாக, நிமிர்ந்து, பக்கங்கள் நேராக இருக்கும். கோயில், பாழ்வீடு, குகைகளில் சமவெளியெங்கும் காணலாம். சிறியதின் மூக்கிலை பக்கவாட்டில் புடைத்து இதய வடிவில் இருக்கும், மழை மிகுந்த மலைக்காட்டுப் பக்கம்தான் அதிகம்.

குரலை வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

சிலவற்றில் முகத்தைவிட நன்றாகச் சொல்லலாம், சிலவற்றில் அறவே முடியாது.

மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூச்சி தின்னும் வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலே கத்துகின்றன. மண்டபத்தில் நமக்குக் கேட்கும் கீச்சொலி அவை தமக்குள் பேசிக்கொள்வது, வழிதேடும் குரல் அல்ல. வழிதேடும் குரலைக் கேட்க வௌவால் ஒலிக்கருவி வேண்டும். கருவியின் குமிழைத் திருப்பி அலைவரிசையைப் பொருத்தினால், கல்லறை வௌவால் 30-ஐ ஒட்டித் தட்டுவது போல் கேட்கும். வீட்டுச் சின்ன வௌவால் 'டப் டப் டப்' என்று வந்து, பூச்சியை நெருங்கும்போது துணி கிழிவதுபோல் 'ஜ்ர்ர்ப்' என்று முடியும். லாடமூக்கு வௌவால் அப்படித் தட்டாது. நீண்டு சுழலும் சீழ்க்கையாகக் கேட்கும்.

லாடமூக்கு, இலைமூக்கு வௌவால்கள் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு கத்துபவை. அந்தச் சுருதி இனத்துக்கு இனம் மாறும். மதுரைப் பக்கம் ஒரே குகையில் இரண்டு இலைமூக்கு வௌவால்கள் இருக்கும். ஸ்னைடர் வகை 135 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, செம்மஞ்சள் இலைமூக்கு வகை 150-ஐத் தாண்டி. உடலைப் பார்த்தாலும் இது ஒத்துப்போகும். ஸ்னைடர் வகைக்கு மூக்கிலையின் இரு பக்கமும் மும்மூன்று சிறு மடல்கள் உண்டு. மற்றதற்கு அந்த மடல்கள் இல்லை, காது மட்டும் அகன்று வட்டமாக இருக்கும், உடலும் சிறியது. பொதுவாக உடல் சிறிதானால் சுருதி ஏறும், சின்ன நாயனத்தில் சத்தம் உயர்ந்து வருவது போல.

குரலே புதிய இனத்தைக் காட்டிக்கொடுத்ததும் உண்டு. தென்னிந்தியச் செந்நிற லாடமூக்கு வௌவால் ஒரே இனம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பதிவுசெய்தபோது சில 80 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் சில 90-ஐ ஒட்டியும் கத்தின. இடையில் யாரும் இல்லை. மரபணுவைப் பார்த்தபோது அவை இரண்டு இனங்கள். ஐரோப்பாவில் வீட்டுக் கூரைகளில் வாழும் சாதாரண பிப்பிஸ்ட்ரெல் வௌவாலும் 1990-களில் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று 45, மற்றது 55. கையில் வைத்துப் பார்த்தவர்கள் நூறாண்டுக்கு மேல் கண்டுபிடிக்காததைக் கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. லாடமூக்கு வௌவாலைப் பறக்கும்போது பதிவுசெய்தால் எண் கொஞ்சம் இறங்கியே வரும். எதிரே வரும் ரயிலின் ஊதல் உயர்ந்து கேட்கிறதல்லவா, அதேபோல் முன்னோக்கிப் பறக்கும் வௌவாலுக்கு அதன் எதிரொலி உயர்ந்து கேட்கும். எதிரொலி தன் காதுக்குப் பிடித்த சுருதியில் வந்து சேர வேண்டும் என்பதற்காக அது தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அதனால் தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த பதிவையே ஒப்பிட வேண்டும்.

ஓட்டுக்குள்ளும் ஏசி இடுக்கிலும் இருக்கும் பெருவிரல் அளவு வௌவால்?

பிப்பிஸ்ட்ரெல் வகை. நம்மிடம் மூன்று நான்கு இனங்கள் மிக நெருக்கமான உருவத்தில் உள்ளன. குள்ளமானதன் எடை ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியதுதான். படத்தை வைத்து இனம் சொல்பவர்களை நம்பாதீர்கள். குரலும் அவற்றில் இடத்துக்கு ஏற்ப மாறும், திறந்தவெளியில் ஒன்று, மரத்திடையே வேறொன்று. 'பிப்பிஸ்ட்ரெல், இனம் தெரியவில்லை' என்று எழுதுவது நேர்மையான குறிப்பு, தோல்வி அல்ல.

காய்ந்த வாழையிலைச் சுருளுக்குள் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு வண்ணத்துப்பூச்சிபோல் தூங்கும் சிறு வௌவாலைப் பார்த்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம். அது வண்ண வௌவால், வேறெதோடும் குழப்ப முடியாது. வாழைத்தோப்பில் சருகு அறுப்பவர்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பார்கள்.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா?

வெறுங்கையால் ஒருபோதும் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி பற்றி அவர் முடிவு செய்வார். 2018-இல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸ் பெரும்பழ வௌவாலிடமிருந்து வந்தது. அதனால் வௌவால் கடித்த பழத்தைச் சாப்பிட வேண்டாம். இதற்காக மரத்தை வெட்டுவதோ விரட்டுவதோ கூடாது. கலைந்த கூட்டம் இன்னும் பல இடங்களுக்குப் பரவும், பதற்றத்தில் வைரஸையும் அதிகம் வெளியேற்றக்கூடும்.

விழுந்ததைத் தடித்த துணியால் மூடி, அட்டைப் பெட்டியில் தள்ளி, நாய் பூனை அண்டாத உயரத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்புவது கடினம். மரத்தின் சொரசொரப்பான பட்டையில் விட்டால் தானே ஏறிப் பறந்துவிடும்.

பழ வௌவால்களைக் கொல்வதற்குத் தடை இல்லை என்கிறார்களே?

பழைய கதை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் பழ வௌவால்கள் எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன, சலீம் அலி பழ வௌவால் மட்டும் உயர் பாதுகாப்பில். பிரித்தறியாத கண்ணோட்டம் சட்டத்திலும் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது.

எங்கள் ஊரில் பாழுங்கிணற்றை மூடப் போகிறார்கள். உள்ளே வௌவால் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் எது என்று பாருங்கள், அதைப் பொறுத்தே பதில் மாறும். பழம் புளித்த வாடையும் நாக்குச் சொடுக்கும் இருந்தால் குகைப் பழ வௌவால். அதற்கு இலைக்கடியில் போய் அடையத் தெரியாது. பக்கத்தில் வேறு குகையோ கிணறோ இல்லையென்றால் போக்கிடமே இல்லை. ஆண்டுக்கு இருமுறை குட்டி போடும். தாய் இரைதேடப் போகும் நேரத்தில் குட்டி சுவரில் தனியாகத் தொங்கும், அப்போது மூடினால் குட்டியோடு புதைப்பதாகிவிடும்.

பிள்ளைகள் தவறி விழுந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு மண் கொட்ட வேண்டியதில்லை. சுற்றி ஆளுயரச் சுவரோ கம்பிவேலியோ போட்டால் போதும், வாயைத் திறந்தே விடலாம். வலை போட்டு மூடினால் வௌவால் சிக்கிச் சாகும். கூட்டத்தில் பேசப் போகும் முன் ஒரு மாலை, சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து, ஊராட்சித் தலைவரையும் இரண்டு பெரியவர்களையும் கிணற்றுக்கு அழைத்துப் போங்கள். விளக்கை அணைத்துவிட்டு, அவர்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள், கீழேயிருந்து அந்தச் சொடுக்கு கேட்கும் வரை.